திருட்டுப் பைனாகுலர்

ஆரின் டெஷ் சாப்பாட்டுப் பைக்குள் கையை விட்டுத் தன் புதுப் பைனாகுலரை வெளியே எடுக்கப் போன நேரத்தில்தான் வெர்னன் சொன்னார்:

"என் பைனாகுலரை எவனோ தூக்கிட்டுப் போயிட்டான்."

ஆரினின் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது.

ஜன்னல் சட்டங்கள் செய்யும் ஆலையின் சாப்பாட்டு அறை அது. லாரியில் சரக்கு ஏற்றும் பிரிவு முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தது. அந்தப் பிரிவுக்கு ஃபோர்மேன் வெர்னன் ஹலாமா. வேட்டை விஷயத்தில் அவர் சொன்னதுதான் அங்கே சட்டம். வருஷா வருஷம் வயோமிங் போய் மான் அடித்துவிட்டு வருகிறவர். மற்றவர்கள் விஸ்கான்சின் காட்டைத் தாண்டாதவர்கள்.

"எப்போ? எங்கேர்ந்து?" என்று எல்லோரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"வண்டியிலேர்ந்துதான். போன வாரம்." வெர்னன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "விடுங்கப்பா. போனது போச்சு."

மைரன் விடுகிற ஆள் இல்லை. அவன் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். எதையும் அடியில் முள்ளைக் கொடுத்துத் தூக்கிப் பார்க்காமல் அவனுக்குத் தூக்கம் வராது.

"விடறதாவது! ஷெரிஃப்கிட்ட சொன்னீங்களா தலைவரே?"

"ஷெரிஃப் எதுக்கு இதுக்கெல்லாம்?"

"திருடினவனைக்கூட விட்டுடலாம். ஏதோ கஷ்டத்துல பண்ணியிருப்பான். ஆனா அதை அரை விலைக்கு வாங்கிட்டு, ஒண்ணும் தெரியாத பச்சைப் புள்ள மாதிரி மூஞ்சியை வெச்சுக்கிட்டு ஒருத்தன் திரிவான் பாருங்க, அவனை என் ஃபோர்க்லிஃப்ட்ல தூக்கிக் கூரையில மாட்டணும். என்னடா ஆரின், சரிதானே?"

"சரி... சரிதான்," என்றான் ஆரின். கையை மெதுவாக வெளியே எடுத்தான். அதில் ஒரு வாழைப்பழம் இருந்தது.

"ஒரு பழத்தை எடுக்கவா இவ்வளவு நேரம் துழாவினே?" என்றான் மைரன்.

ஆரின் வாழ்நாளெல்லாம் மரத்தில் ஏறி உட்கார்ந்து மான் அடித்தவன். விஸ்கான்சின் காட்டில் மான் மரத்தடிக்கே வரும். பைனாகுலர் இருந்தால் அதன் மூக்கு மயிரைத்தான் பார்க்கலாம். இந்த வருஷம் வெர்னன், மைரன், ஆரின் மூன்று பேரும் சேர்ந்து விண்ணப்பித்ததில் வயோமிங் வேட்டை உரிமத்துக்கான குலுக்கலில் பெயர் விழுந்துவிட்டது. அன்றே வெர்னன் பாடம் எடுத்தார்.

"அங்கே மரமே கிடையாது. கண்ணுக்கெட்டின வரைக்கும் வெட்டவெளி. நீ மானைப் பாக்கறதுக்கு முன்னாடி அது உன்னைப் பாத்துடும். அங்கே வேட்டைங்கறது நடக்கறது இல்லடா, உக்காந்து பாக்கறது. பைனாகுலர் நல்லதா வாங்கு, பூட்ஸ் நல்லதா வாங்கு. மத்ததெல்லாம் எது கிடைக்குதோ அதைப் போட்டுக்கோ."

ஆரின் 'மத்ததெல்லாம்' என்பதிலிருந்து தொடங்கினான். கோட்டு பழைய துணிக்கடையில் கிடைத்தது. முதுகுப்பை மகள் பள்ளி முகாமுக்குக் கொண்டுபோனது. கத்திரிப்பூ நிறம். அதன்மேல் பழுப்புச் சாயம் அடித்தான். காய்ந்த பிறகு அழுகின கத்திரிக்காய் நிறம் வந்தது. பூட்ஸ் தள்ளுபடியில் வாங்கினான். பிறகு பைனாகுலர் கடைக்குப் போனான். கடைக்காரர் நல்ல சரக்கு ஒன்றை வெல்வெட் துணியில் வைத்து நகர்த்தினார். விலைச் சீட்டைப் பார்த்ததும் ஆரின் இரண்டு கையாலும் அதைத் திரும்ப நகர்த்தினான். வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது, மகளுக்குப் பல்லில் கம்பி மாட்டவேண்டியிருந்தது. மலிவுச் சரக்கை எடுத்துப் பார்த்தான். தெருமுனை விளக்குக் கம்பத்தைச் சுற்றி வானவில் தெரிந்தது.

அப்போதுதான் இணையத்தில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. ஐரோப்பியச் சரக்கு, பாதி விலைக்கும் கீழே. பக்கத்து ஊரில் மாட்டுத் தீவனக் கடைக்குப் பின்னால் தாடிக்காரர் ஒருவர் வண்டி எஞ்சினைக்கூட அணைக்காமல் காத்திருந்தார்.

"யாரோடதுன்னு கேக்காதீங்க. வாங்கினதை ஊர் பூரா சொல்லிக்கிட்டும் திரியாதீங்க," என்றார் தாடிக்காரர்.

ஆரின் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதில் மிகவும் கவனமாக இருந்தான். இப்போது அவனைக் குத்தியது அதுதான்.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் கழிவறைக்குப் போய்த் தாளிட்டுக்கொண்டு பைனாகுலரைத் திருப்பிப் பார்த்தான். நடு மூட்டில் வி.ஹெச். என்று ஆணியால் கீறியிருந்தது. நேற்றும் அதைப் பார்த்திருந்தான். கம்பெனிக்காரன் போட்ட குறியீடு என்று நினைத்து மனைவியிடம் பெருமையாகக் காட்டவும் செய்திருந்தான்.

சாயங்காலம் மனைவி கார்லாவிடம் எல்லாவற்றையும் கொட்டினான்.

"இதுல என்ன இருக்கு? நேரா போய்க் குடுத்துடு. தெரியாம வாங்கிட்டேன்னு சொல்லு," என்றாள் கார்லா.

"தெரியாம வாங்கலியே."

"அப்போ தெரிஞ்சா வாங்கினே?"

"தெரிஞ்சுக்கக் கூடாதுன்னு வாங்கினேன்."

கார்லா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அப்படின்னா அதையும் சேத்துச் சொல்லிட்டுக் குடு."

மறுநாள் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் ஆரின் ஆலைக்குள் நுழைந்தான். எதிரே மைரன் தன் பாதுகாப்புத் தொப்பியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வந்தான். தொப்பிக்குள் நோட்டுகள்.

"தலைவருக்குப் புதுப் பைனாகுலர் வாங்கப் போறோம். போடு, உன்னால ஆனதைப் போடு."

ஆரின் பர்ஸைத் திறந்து உள்ளே இருந்ததையெல்லாம் அப்படியே போட்டான்.

"டேய், எல்லாரும் பாருங்கடா!" மைரன் கூவினான். "இவன் வீட்டுக் கூரை ஒழுகுது. ஆனா மனசைப் பாருங்க!"

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஆரினுக்குத் தரை பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. கைதட்டல் வாங்கியபிறகு உண்மையைச் சொல்வது எப்படி? சொல்லவில்லை.

தொப்பியை நீட்டியதும் வெர்னன் ஏதோ பாம்பை நீட்டியதுபோலப் பின்வாங்கினார்.

"வேண்டாம். வேண்டவே வேண்டாம். அந்தப் பைனாகுலரோட பழகின கண்ணு இது. இன்னொண்ணுல ஒட்டாது. நான் வரேன். கூடாரத்தைப் பாத்துக்கறேன், சமைச்சுப் போடறேன். நீங்க ரெண்டு பேரும் வேட்டையாடுங்க. இந்தப் பணத்தைத் தீயணைப்பு நிலையத்துக்குக் குடுத்துடுங்க."

பிரிவே உருகிவிட்டது. ஒருவர் மூக்கைச் சிந்தினார். 'இப்படியும் ஒரு மனுஷன்' என்று பேசிக்கொண்டே கலைந்தார்கள். வயோமிங்கின் பெரிய வேட்டைக்காரர் இந்த வருஷம் முட்டை பொரிக்கப் போகிறார், அதுவும் தன்னால் என்று ஆரின் நினைத்துக்கொண்டான். அன்று அவன் ஏற்றிய ஜன்னல்களில் ஒரு பெட்டி தலைகீழாகப் போய்ச் சேர்ந்தது.

தாடிக்காரருக்கு ஃபோன் பண்ணிப் பார்த்தான்.

"திரும்ப எடுத்துக்க முடியுமா?"

"ஐயய்யோ, அதெல்லாம் முடியாது," என்று பதறிப்போய் வைத்துவிட்டார் தாடிக்காரர். திருடனுக்கு உரிய பதற்றம் என்று ஆரின் புரிந்துகொண்டான்.

அதன்பிறகு அவனுக்கு ஒரு கெட்ட யோசனை வந்தது. கெட்டது என்று தெரிந்தே வந்தது. திருப்பிக் கொடுக்கவும் தைரியம் இல்லை, தாடிக்காரரும் வாங்கமாட்டார். அந்த இரண்டு எழுத்து மட்டும் இல்லாவிட்டால்? கார்லாவின் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தைப் பஞ்சில் நனைத்து மூட்டைத் தேய்த்தான். எழுத்து போகவில்லை. அதைச் சுற்றியிருந்த ரப்பர் உறை இளகி, வெயிலில் வைத்த சாக்லேட் மாதிரி வழிந்தது. பதறிப்போய் பாட்டிலைத் தட்டிவிட்டான். திரவம் ஓடிக் கண்ணாடியில் விழுந்தது. துடைத்தான். கண்ணாடியில் பால் ஏடு படிந்தாற்போல ஒரு மங்கல். இன்னும் துடைத்தான். ஏடு இன்னும் பரவியது.

"என்ன நாத்தம்?" என்று எட்டிப் பார்த்த கார்லா, மேஜையில் கிடந்ததைப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டாள். "திருட்டுப் பொருளா இருந்தாலும் நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு," என்றாள்.

மைரன் வேறு விடவில்லை. "நீ என்ன பைனாகுலர்டா வாங்கினே? காட்டவே மாட்டேங்கறியே?"

"மலிவுச் சரக்குதான்," என்று ஆரின் சொல்லிவைத்தான். சொன்னதற்காக ஒன்று வாங்கவேண்டி வந்தது. அதே கடைக்குப் போனான். அதே கடைக்காரர். வானவில் காட்டுகிற அதே சரக்கு. அவர் அதை வெல்வெட்டில் வைக்கவில்லை.

கிளம்புகிற காலையில் கார்லா கெட்டுப்போன பைனாகுலரை அவனுடைய கம்பளிக் காலுறைக்குள் திணித்துப் பையின் அடியில் வைத்தாள்.

"எந்த வண்டியிலேர்ந்து போச்சோ, அந்த வண்டியிலேயே போட்டுட்டு வந்துடு. இதுக்கு மேல நீ ஒண்ணும் பண்ணாதே. கெஞ்சிக் கேக்கறேன்."

நல்ல யோசனையாகத்தான் தெரிந்தது. வெர்னன் வீட்டு வாசலில் பெரிய பிக்கப் வண்டி நின்றிருந்தது. வழக்கமாக ஸ்டியரிங்கை யாரிடமும் தராத மனிதர் சாவியை ஆரினிடம் தூக்கிப் போட்டார்.

"இடுப்பு பிடிச்சிருக்கு. நீயே ஓட்டு."

மைரன் இருக்கும்போது தன்னை நம்பித் தந்த சாவி. ஆரினுக்கு அது உள்ளங்கையில் சுட்டது. வழியில் தெற்கு டகோட்டாவில் பெட்ரோல் போட நிறுத்தியபோது மற்ற இருவரும் காபி வாங்கப் போனார்கள். ஆரின் காலுறையிலிருந்து பைனாகுலரை உருவி, பின் இருக்கைக்கு அடியில், பழைய போர்வைக்கும் ஜாக்கிக்கும் நடுவே தள்ளிவிட்டு நிமிர்ந்தான். நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல் இறங்கியது.

வயோமிங்கில் கூடாரம் போடும்வரைதான் அது இறங்கியிருந்தது. சுத்தியல் தேடி வண்டிக்குள் தலையை விட்ட மைரன் கூக்குரலிட்டான்.

"தலைவரே! ஓடி வாங்க! உங்க பைனாகுலர்!"

வெர்னன் ஓடி வரவில்லை. கூடாரக் கயிற்றைப் பிடித்தபடி நின்ற இடத்திலேயே நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"இது... இது எப்படி இங்கே?"

"எப்படியா? உங்க வண்டியிலேயே, உங்க சீட்டுக்கு அடியிலேயே கிடந்திருக்கு! உறை பூரா உருகி ஓடியிருக்கு பாருங்க. கோடை வெயில்லேர்ந்தே உள்ள கிடந்து வெந்திருக்கு. நீங்க என்னடான்னா போன வாரம் திருடிட்டாங்கன்னு ஊரைக் கூட்டினீங்க. நான் தொப்பியை ஏந்திப் பிச்சை எடுத்தேன்!" மைரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "வயசாயிடுச்சு தலைவரே. அடுத்த வருஷம் துப்பாக்கியை ஃபிரிட்ஜுல வெச்சுட்டு வருவீங்க."

வெர்னன் ஆரினைப் பார்த்தார், மைரனைப் பார்த்தார், பைனாகுலரைப் பார்த்தார். அதை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். தூக்குக் கயிற்றை மாட்டிக்கொள்கிறவர் மாதிரி இருந்தது.

திருட்டுப் பழியை ஆரின் கழற்றிப் போட, மறதிப் பழி வெர்னன் தலையில் போய் விழுந்துவிட்டது.

"சமையலெல்லாம் இனி யாரு கேட்டா?" மைரன் கைகளைத் தேய்த்தான். "காலையில நீங்கதான் முன்னாடி."

"இடுப்பு..." என்று ஆரம்பித்தார் வெர்னன்.

"மலை மேல உக்காந்து பாக்கத்தானே போறோம்? இடுப்பா பாக்குது?"

விடியும்போது மூவரும் வேட்டைக்காரர்கள் போட்டாக வேண்டிய ஆரஞ்சு மேல்சட்டையோடு ஒரு மேட்டின்மேல் உட்கார்ந்திருந்தார்கள். கீழே சாம்பல் பச்சைப் புதர்கள் அடிவானம் வரை. வெர்னன் பைனாகுலரைக் கண்ணில் வைத்து நெடுநேரம் இப்படியும் அப்படியும் திருப்பினார்.

"எதுவும் இல்ல," என்றார்.

ஆரின் தன் மலிவுச் சரக்கைக் கண்ணில் வைத்தான். எதிர்ச் சரிவில் ஏழெட்டு மான்கள், ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரு வானவில்லோடு, மேய்ந்துகொண்டிருந்தன. ஃபோர்மேன் இல்லை என்று சொன்ன மானை இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அவன் விழுங்கிக்கொண்டான். மைரன் விழுங்கவில்லை.

"தலைவரே, அதோ ஒரு கும்பலே மேயுதே!"

"அதெல்லாம் பொட்டை மான். கொம்போட எதுவும் இல்லைன்னுதான் சொன்னேன்."

கும்பலில் ஒன்று தலையை நிமிர்த்தியது. கழுதைக் காது போன்ற நீளக் காதுகளுக்கு மேலே கொம்பு காய்ந்த மரக்கிளைபோல விரிந்திருந்தது. மூன்று பேரும் துப்பாக்கியை எடுப்பதற்குள் அது மேட்டைத் தாண்டி மறைந்தது.

வெர்னன் சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்தார். "ஒரே மங்கலா இருக்கு," என்றார் மெல்ல.

"வெந்துபோன கண்ணாடி வேற எப்படி இருக்கும்?" என்றான் மைரன்.

வேகவைத்தவன் பக்கத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

வெயில் ஏறிய பிறகு வெர்னன் போன மானத்தை மீட்கிற வேகத்தோடு கையை நீட்டினார். "அதோ, அந்தப் பள்ளத்துல! பெரிய ஆண் மான். படுத்திருக்கு. கொம்பு மட்டும் தெரியுது."

மற்ற இருவருக்கும் பாறை நிழலில் ஏதோ வெளுப்பாகத் தெரிந்தது, அவ்வளவுதான். ஆனால் சொன்னது வெர்னன். காற்று பார்த்து, பெரிய வட்டமாகச் சுற்றி, கடைசி முந்நூறு கஜத்தை வயிற்றாலேயே ஊர்ந்தார்கள். தரையோடு தரையாகச் சப்பாத்திக்கள்ளி படர்ந்திருந்தது. ஆரினின் தள்ளுபடி பூட்ஸில் ஒன்று வாயைப் பிளந்தது. மதியம் தாண்டிப் பள்ளத்தின் விளிம்பில் தலையை நீட்டினார்கள்.

அங்கே ஒரு பழைய வாஷிங் மெஷின் கவிழ்ந்து கிடந்தது. இரண்டு குழாய்கள் மேலே நீட்டிக்கொண்டிருந்தன.

"சுடுங்க தலைவரே," என்று மைரன் கிசுகிசுத்தான். "ஓடிடப் போவுது." பிறகு மல்லாந்து விழுந்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தான்.

வெர்னனின் காதுகள் ரத்தச் சிவப்பாகிவிட்டன. ஆரினால் தாங்க முடியவில்லை.

"சிரிக்காதே மைரன்! அவர் மேல தப்பே இல்ல. கண்ணாடிதான் கெட்டுப் போச்சு."

"உனக்கெப்படிடா தெரியும்? நீ அதுல பாக்கவே இல்லியே?"

"பாத்தாலே... தெரியுதே." ஆரின் அவசரமாகத் தன் பைனாகுலரைக் கழற்றி வெர்னனிடம் நீட்டினான். "இதை வெச்சுக்கோங்க. மலிவுதான், ஆனா மங்கல் இல்ல."

வெர்னன் அதில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்தார். "இது அதைவிட மோசம்டா. இதுல என்ன தெரியுதுன்னு வாங்கினே?"

அதற்கும் ஆரின் தலைகுனிந்தான்.

சாயங்காலம் கூடாரத்துக்கு வெளியே வெர்னன் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். முழங்கால் முழுக்கக் கள்ளிமுள்.

"ஆரின், நீ கொஞ்சம் எடுத்து விடேன். குனிஞ்சா இடுப்பு பிடிக்குது."

ஆரின் அவர் எதிரே மண்டியிட்டு, குறடால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். ஒவ்வொரு முள்ளுக்கும் மனசுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டான். கை நடுங்கியது. வெர்னன் ஒரு தடவைகூட முனகவில்லை. அந்தப் பொறுமை ஆரினை இன்னும் கொன்றது.

கடைசி நாள் ஆரினின் வானவில் பைனாகுலரில்தான் அந்த மான் விழுந்தது. தனியாக, புதருக்குப் பக்கத்தில், பக்கவாட்டில் நின்றது. இரண்டு நாளாகக் கண்ணில் தண்ணீர் வரப் பழகிப் பழகி அவனுக்கு இப்போது வானவில்லுக்கு நடுவே எது மான், எது கட்டை என்று தெரிந்திருந்தது.

மைரன் துப்பாக்கியை எடுக்கப் போனான். ஆரின் அவன் கையைப் பிடித்தான்.

"வெர்னன் சுடட்டும்."

"பாத்தது நீயாச்சே?"

"அவர்தான் சுடணும்." தான் செய்ததில் ஒரு துளியாவது கழுவிக்கொள்ள வேறு வழி தெரியவில்லை அவனுக்கு. "வெர்னன், தயவு செஞ்சு நீங்க சுடுங்க. புதருக்கு இடது பக்கம்."

வெர்னன் படுத்தார். துப்பாக்கியைப் பையின்மேல் சாய்த்தார். அதன்மேல் இருந்த ஸ்கோப்பில் கண்ணை வைத்தார். காத்திருந்தார்கள். மான் காதை ஆட்டியது. இன்னும் காத்திருந்தார்கள். கடைசியில் வெர்னன் எழுந்து உட்கார்ந்து, தொப்பியைக் கழற்றி, தலையைத் தடவிக்கொண்டார்.

"வேண்டாம்டா. நான் நிறைய அடிச்சாச்சு. இது உனக்கு முதல் தடவை. நீயே சுடு."

ஆரினுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கண்ணோடு எப்படிச் சுட்டான் என்று அவனுக்கே தெரியாது. மான் அங்கேயே மடிந்து விழுந்தது.

மைரன் அவன் முதுகில் அறைந்து கொண்டாடினான். கொம்பைப் பிடித்துப் படம் எடுத்தார்கள். எல்லாப் படத்திலும் ஆரின் போலீஸில் பிடிபட்டவன் மாதிரியே இருந்தான். அன்று முதுகுக்கறியை வெண்ணெயில் வாட்டி மைரன் தட்டில் வைத்தபோது, முதல் துண்டு ஆரினின் தொண்டைக்குக் கீழே இறங்க மறுத்தது.

திரும்பும் வழியில் மைரன் பின்சீட்டில் குறட்டை விட்டான். பக்கத்தில் வெர்னன் வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஆரின் மைல்கணக்கில் ஒத்திகை பார்த்துவிட்டு வாயைத் திறந்தான்.

"வெர்னன், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தப் பைனாகுலர்..."

"சொல்லாதே," என்றார் வெர்னன் சட்டென்று. பின்சீட்டைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரியும். முள்ளு எடுக்கும்போது உன் கை நடுங்கிச்சே, அப்பவே புரிஞ்சுது. நீ நல்லவன்டா ஆரின். கடைசி வரைக்கும் வாயைத் திறக்காம இருந்தே. நமக்குள்ளேயே இருக்கட்டும். இவன் காதுல மட்டும் விழவே கூடாது."

தெரிந்திருக்கிறது! எல்லாம் தெரிந்தும் மைரனின் கேலியைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு, ஆரினைக் காட்டிக்கொடுக்காமல், மானையும் அவனுக்கே விட்டுக்கொடுத்திருக்கிறார். திட்டியிருந்தால் தேவலை, நாலு அறை விட்டிருந்தால் இன்னும் தேவலை. மிச்ச வழி முழுக்க ஆரின் சாலையின் வெள்ளைக் கோட்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.

மைரனை அவன் வீட்டில் இறக்கிவிட்டு, வெர்னன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். வெர்னன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஆரின் மான்கறியில் பாதிக்கு மேல் எடுத்து ஒரு பெட்டியில் போட்டுக் கதவுக்குக் கொண்டுபோனான். அவர் மனைவி மார்லிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"இவ்வளவு எதுக்குப்பா? நீ அடிச்ச மானாமே. நீ கொண்டு போ."

"இல்ல மார்லிஸ். நீங்கதான் எடுத்துக்கணும். எனக்கு அதுல ஒரு துண்டுகூட இறங்கல." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உடைந்த குழாய் நிற்காது. "அவர் மன்னிச்சுட்டாரு. ஆனா எனக்குத் தாங்கல. அந்தப் பைனாகுலரை வாங்கினது நான்தான். திருட்டுப் பொருளுன்னு உள்ளுக்குள்ள தெரிஞ்சேதான் வாங்கினேன். பேரை அழிக்கறேன்னு கண்ணாடியைக் கெடுத்தேன். அப்புறம் பயந்துபோய் வண்டியில ஒளிச்சு வெச்சதும் நான்தான். அதனாலதான் அவரு வாஷிங் மெஷினை மான்னு சொல்லி அவமானப்பட்டாரு. புதுசு வாங்கித் தந்துடறேன். எத்தனை வருஷம் ஆனாலும் சரி, அதே சரக்கா வாங்கித் தந்துடறேன்."

மார்லிஸ் வீட்டுக்குள் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு, அவன் சட்டையைப் பிடித்துப் படிக்கட்டுக்குக் கீழே இழுத்துக்கொண்டு போனார்.

"திருப்பிக் கொண்டாந்து வெச்ச பாவி நீதானா? கண்ணு தெரியலைங்கறது உங்க யாருக்கும் தெரிஞ்சுடக் கூடாதுன்னு, ஆள் வெச்சு அதை வித்ததே அவருதாம்ப்பா!"